தொடக்கப் பள்ளியில் கணினியும் காவலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி.)

கணினி வந்தால் மனிதனுக்கு வேலை போய்விடுமே என்று நம் நாட்டில் வாதம் நடந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் மலையேறிவிட்டது. இன்று விருத்தாசலம் கடைவீதியில் பூக்கட்டி விற்கும் அம்மையாரின் கூடையிலும் பணம் பெறும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஆகவே கணினி வேண்டுமா வேண்டாமா என்பது இனி வினாவன்று. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைக்கு அதனைப் பற்றி எதை முதலில் சொல்வது என்பதே வினா.

கணினிக் கல்வி பள்ளியின் வேலை, இணையப் பாதுகாப்பு காவல்துறையின் வேலை என்று பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். இரண்டும் ஒரே பாடம் என்பதும், அப்பாடம் தொடங்க வேண்டிய இடம் தொடக்கப் பள்ளியே என்பதும் என் கருத்து. பேராசிரியப் பெருமக்களும் தோழர்களும் படித்துப் பார்த்து, மாறுபட்டால் தாராளமாக மாறுபடலாம்.

முதலில், கணினிக் கல்வி என்றால் என்ன? சுட்டெலியைப் பிடிக்கவும் பொத்தானை அழுத்தவும் தெரிந்துகொள்வதா? அதை எந்தக் குழந்தையும் நாம் சொல்லாமலே கற்றுக்கொள்ளும். கணினிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. சொன்னதை, சொன்ன வரிசையில், சொன்னபடியே செய்யும். சரியாகச் சொல்லத் தெரிவதே கணினிக் கல்வியின் அடிப்படை.

இதனை விளக்க நம் ஊரில் பெரிய நூல் எதுவும் வேண்டியதில்லை. பீங்கான் பொம்மை செய்யும் கூடம் ஒன்றில் சற்று நேரம் நின்றால் போதும். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் படிகிறது. போதிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிடுகிறார்கள். இறுகியபின் அச்சைப் பிரித்து, விளிம்பைச் சீவி, காயவைத்துச் சூளையில் அடுக்குகிறார்கள். காயுமுன் சுட்டால் பொம்மை வெடிக்கும். 'கனம் வரவில்லையா, பொறு. வந்துவிட்டதா, வடி' என்பதில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. வரிசையும் நிபந்தனையும் சேர்ந்தால் நிரல். பட்டறையில் வேலை செய்யும் தாய்மார்கள் நாள்தோறும் நிரலின்படியே நடக்கிறார்கள். அதற்கு அந்தப் பெயர் உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

இன்னும் எளிய சான்று நம் வாசலிலேயே கிடக்கிறது. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நாலு வரைக்கும்" என்று ஒரு பெண் சொன்னால் போதும். கேட்டவள் நடுவில் ஏழு வைத்து, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவாள். மொத்தம் 37 புள்ளிகள். முப்பத்தேழு இடங்களைத் தனித்தனியே சொல்ல வேண்டியதை ஐந்து சொற்களில் அடக்கிவிட்டாள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே சொல்லுதல் ஆகிய இரண்டும் இதில் உள்ளன. கணினி அறிவியல் வகுப்பில் இதனை 'லூப்' என்று நாம் வியந்து படிக்கிறோம்!

இது என் கற்பனையன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணினிக்குரிய இலக்கண விதிகளாக எழுதிக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974-இல் வெளியிட்டனர். உலக அறிஞர்கள் படித்த கட்டுரை அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1967-இல், அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினர். அதில் 'ஆமை' ஒன்று உண்டு. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்று குழந்தை கட்டளையிட, அது கோடு இழுத்துப் படம் வரையும். அவர்கள் ஆமையைத் தேடிய வேளையில் நம் பாட்டிமார் கோலப்பொடிக் கிண்ணத்துடன் வாசலில் இருந்திருக்கிறார்கள்.

கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் முறையை நியூசிலாந்து நாட்டின் டிம் பெல் முதலியோர் புள்ளியிட்ட அட்டைகளையும் விளையாட்டுகளையும் கொண்டு வளர்த்தனர். கருவி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற சாக்கு ஆகவே செல்லாது.

பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலேயே கணினிப் பாடம் தொடங்குகிறது. கட்டளை வரிசை எழுதுதல், பிழை திருத்தல் ஆகியவற்றோடு, தன்னைப் பற்றிய விவரங்களைக் காத்துக்கொள்ளுதல், திரையில் கண்டது மனத்தை உறுத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அறிதல் ஆகியவையும் அதே பாடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அண்டை மாநிலமான கேரளம் 2001-இல் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கி, 2017-இல் 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை 'களிப்பெட்டி' என்ற பாடநூலையே கொண்டுவந்தது. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. நம் ஊரில் களி என்றால் மண்தான் நினைவுக்கு வரும், அதுவும் பொருத்தமே.

நம் நாட்டில் 1984-இல் 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ்த் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. அவை பெரிய வகுப்பு மாணவர்களுக்கானவை. தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் 22,000-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைந்தன. மிகவும் வரவேற்கத்தக்கது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையில் பாடத்தைக் காட்டுவது கணினியால் கற்பித்தல், கணினியைக் கற்பித்தல் வேறு. 3-ஆம் வகுப்பு முதலே கணினிச் சிந்தனையும் செயற்கை நுண்ணறிவும் பாடமாகும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அறிவிப்பு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருமுன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது கைப்பேசி. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. அந்த இடைவெளியில் கைப்பேசியே பலருக்கு வகுப்பறையாக இருந்தது. பள்ளி திறந்தது, கைப்பேசி திரும்பிப் போகவில்லை.

இங்கேதான் நம்மைப் போன்ற குடும்பங்களின் நிலை, நூல்களில் எழுதியிருப்பதினின்று வேறுபடுகிறது. பெற்றோர் குழந்தையின் கைப்பேசியைக் கண்காணிக்க வேண்டும் என்று அறிவுரை கூறுகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியைப் பாட்டிக்குப் படித்துச் சொல்பவன் நான். நான் கல்லூரிக்கு வந்துவிட்டால் நான்காம் வகுப்புப் படிக்கும் அக்காள் மகள். முதியோர் உதவித்தொகை ஏறிவிட்டதா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்வது அவள்தான். ஒன்பது வயதில் அவள் எங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை! அவளை ஏமாற்றினால் பாட்டியை ஏமாற்றியதாகும். குழந்தையின் பாதுகாப்பும் குடும்பத்தின் பணமும் ஒரே கையில் இருக்கின்றன.

2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஒப்புதல் கேட்கும் அந்த வரியைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவதே அந்தக் குழந்தையாக இருந்தால் யார் யாருக்குக் காவல்?

எனவே குழந்தைக்குச் சில செய்திகளை உறுதியாகச் சொல்லியாக வேண்டும். பணம் நமக்கு வருவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, போவதற்குத்தான் தேவை. "பரிசு விழுந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்" என்பவன் கேட்பது நம் பணத்தை. ஓ.டி.பி. என்பது வீட்டுச் சாவி. வாசலுக்கு வந்து கேட்பவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சாவியைத் தருவோமா? இதனைச் சொற்பொழிவாக ஆற்றினால் குழந்தை தூங்கிவிடும். தமிழ்ப் பாடவேளையில் நாடகமாக்கலாம். ஒருவன் வங்கிக்காரன் வேடம் போடட்டும். ஒருத்தி பாட்டியின் பேத்தியாகட்டும். அவன் கெஞ்சியும் மிரட்டியும் கேட்கட்டும், அவள் மறுத்துப் பழகட்டும். பெரியவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, 'முடியாது' என்று சொல்லும் பயிற்சி மிகவும் அவசியம்.

படம் அனுப்புவதைப் பற்றிச் சொல்ல நம் ஊர்க் குழந்தைகளுக்குச் சூளையே போதும். பச்சை மண்ணில் செய்த பொம்மை பிடிக்கவில்லையென்றால் கரைத்து மீண்டும் குழம்பாக்கலாம். சுட்டபின் உடைக்கலாமே தவிரக் கரைக்க முடியாது. கைப்பேசிக்குள் இருக்கும்வரை படம் பச்சை மண். ஒருவருக்கு அனுப்பிவிட்டால் சுட்ட மண். நாம் அழித்தாலும் அவரிடம் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம், தவறு நேர்ந்தால் சொல்லுதல். விளையாட்டுச் செயலியில் முன்பின் அறியாதவன் பேச வந்தான், பெயரும் தெருவும் கேட்டான் என்று குழந்தை வந்து சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? முதுகில் இரண்டு வைத்துக் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்கிறோம். அடுத்த முறை அது சொல்லாது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டும் வழக்கத்தை நாம் அறிவோம். தெய்வத்திடம் குறையைச் சொல்பவரை யாரும் அதட்டுவதில்லை. ஆசிரியரிடமும் தாயிடமும் வரும் குழந்தையின் பிராதுக்கும் அந்த மரியாதை வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்; எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுமுன் வங்கியில் தடுக்க வாய்ப்புண்டு. குழந்தைக்கு எந்தத் துன்பம் நேர்ந்தாலும் 1098, கட்டணமில்லை.

ஓரிரு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகள் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அவர்கள் தலையில் இன்னொரு பாடநூலை ஏற்றுவது நியாயமன்று. கணக்குப் பாடவேளையில் ஒரு கோலம், தமிழ்ப் பாடவேளையில் ஒரு நாடகம் என்று உள்ளதிலேயே சேர்த்துவிடலாம். 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னதைக் கண்டிருக்கிறோம். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் என்ன? கொண்டுபோக வேண்டியவை கோலப்பொடி ஒரு கிண்ணம், சுண்ணக்கட்டி நான்கு, பழைய அட்டைகள் சில. திரும்பும்போது 1930, 1098 என்ற எண்களை வகுப்புச் சுவரில், குழந்தையின் கண் உயரத்தில், பெரிதாக எழுதிவிட்டு வரலாம்.