தங்க முத்திரைக்குத் தனி விலை தரலாமா?

ரிஷிவந்தியத்திலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், உறுப்புகளை வாங்கித் தானே கணிப்பொறி அமைக்க விரும்பும் மாணவன் தயங்கும் இடம் ஒன்று உண்டு. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியில் சாதாரண ‘80 பிளஸ்’ போதுமா, ‘தங்கம்’ முத்திரை வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உறுப்புகளுக்கு 100 வாட் தேவை என்று கொள்வோம். பயனுறுதிறன் 80 விழுக்காடாயின் மின்வழங்கி 125 வாட் இழுக்கும். 90 விழுக்காடாயின் 111 வாட். மிகுதி வெப்பமாக வீணாகிறது. வேறுபாடு 14 வாட். நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு மிச்சம் சுமார் 25 யூனிட். யூனிட் 5 ரூபாய் எனில் 125 ரூபாய். தங்க முத்திரைக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அதை மீட்க 16 ஆண்டுகள்! இரவு பகலாக ஓடும் கணிப்பொறிக்கோ மூன்றரை ஆண்டுகளே போதும்.

அதற்காக முத்திரையே இல்லாத மலிவுப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். மின்னழுத்தம் எகிறும்போது காக்கும் அமைப்பு அதில் இல்லையென்றால் மற்ற உறுப்புகளும் கெடலாம்.

மிச்சப் பணத்தில் எஸ்.எஸ்.டி. வாங்கலாம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குச் சுழன்று வரவே சராசரியாக 4 மில்லிவினாடி ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை, காத்திருப்பும் இல்லை.

உங்கள் கணிப்பொறி எத்தனை மணி நேரம் ஓடும்? வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.