கொல்லைப்புற வானம் – 9: பேய் வேடத்தில் வந்தவர்களுக்குச் சனி தரிசனம்

அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். "ஹாலோவீனுக்கு என்ன பிளான்? பொண்ணு என்ன வேஷம்? சாக்லேட் வாங்கியாச்சா, இல்ல போன வருஷம் மாதிரி எட்டு மணிக்கே தீர்ந்துடுமா?" பள்ளி வாசலிலும் இதே பேச்சு, இந்தியக் கடையில் பில் போட நிற்கும் வரிசையிலும் இதே பேச்சு. தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: அன்று ஒரு நாள் கொல்லைப்புறத்தை விட்டுவிடுங்கள். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள்.

கொல்லையில் நின்று வானம் பார்ப்பது தனிமையான வேலை. மதில் தெருவிளக்கை மறைக்கும், பேச ஆள் இருக்காது, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் எவரும் வரமாட்டார்கள். அந்தச் சுகத்தை இந்தத் தொடரில் நிறையவே எழுதியிருக்கிறேன். ஆனால் அமெரிக்கப் புறநகரில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் பத்து வருடம் ஓடிவிடும். அப்படிப்பட்ட தெருவில், இருட்டிய பிறகு முன்பின் தெரியாத பிள்ளைகள் தாமாக வந்து கதவைத் தட்டும் இரவு வருடத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அக்டோபர் 31. அந்தப் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டோடு வானத்தையும் கொடுக்க முடியும் என்றால் ஏன் கொடுக்காமல் விட வேண்டும்?

இதை எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் இதே ஊர்க்காரரான ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். பெர்க்லியில் வேதியியல் படித்துவிட்டு, 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலுக்கான தடித்த கண்ணாடியை எடுத்துக் கையாலேயே தேய்த்துக் குழியாடி செய்தார். அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகைப் பெட்டியும் சேர்ந்தபோது அது தொலைநோக்கி ஆனது. சாக்ரமெண்டோ மடத்துக்கு மாற்றப்பட்ட பிறகு, அதைச் சக்கரத்தில் வைத்துத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார். மடத்தில் இதற்கு ஆதரவில்லை. அதனால் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கியை 'ஜெரேனியம்' என்று பூச்செடியின் பெயரால் குறிப்பிட்டார். கடைசியில் 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே 'நடைபாதை வானியலாளர்கள்' அமைப்பு உருவானது. 2014இல் அவர் மறையும்வரை, வழியில் போகிறவர்களை நிறுத்தி நிலாவைக் காட்டுவதை அவர் விடவில்லை. இன்று உலகெங்கும் தொடக்கநிலைக்காரர்கள் வாங்கும் எளிய 'டாப்சோனியன்' அவர் காட்டிய வடிவம்தான். அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை.

சரி, வாசலில் என்ன செய்வது? இங்கே அக்டோபர் 31 அன்று ஆறேகால் வாக்கில் சூரியன் மறைகிறது. முழு இருட்டுக்கு ஏழரை தாண்டிவிடும். 2006 வரை அக்டோபர் கடைசி ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். 2007 முதல் அது நவம்பருக்குப் போய்விட்டதால், சிறு பிள்ளைகள் வரும் நேரத்தில் வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. அதோடு வாசல் விளக்கை அணைக்கவும் முடியாது. விளக்கில்லாத வீட்டைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே மங்கலான விண்மீன் மண்டலங்களை மறந்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சாதவை நிலாவும் கோள்களும். சில வருடங்களாக அக்டோபர் மாலைகளில் சனி வசதியாக நிற்கிறது. ஐம்பது மடங்கு பெருக்கம் போதும், வளையம் தெரிந்துவிடும். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். குட்டிகளுக்கு ஒரு முக்காலி போடுங்கள். முகமூடியைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை குழாயை லேசாகத் தள்ளுங்கள். பூமி சுழல்வதால் சனி நகர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் விளக்கம் சொல்லாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பிள்ளை பார்க்கட்டும். "உள்ளே படம் ஒட்டியிருக்கீங்களா?" என்று அதுவே கேட்கும். அப்போது தொலைநோக்கியைக் கொஞ்சம் அசைத்து, சனி ஓடிப்போவதைக் காட்டுங்கள். பிறகு சொல்லலாம்: இந்த வெளிச்சம் சனியிலிருந்து கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, நீ வீட்டில் வேஷம் போட்டுக்கொண்டிருந்தபோது அது வழியில் வந்துகொண்டிருந்தது.

ஒரு வருடம் பேத்தியோடு வந்த அம்மா ஒருவர், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தவர், சனி என்றதும் இரண்டடி பின்வாங்கினார். "வேண்டாம் தம்பி. கோயில்லயே அவருக்கு நேரா நின்னு கும்பிட மாட்டோம்."

"பக்கவாட்டுலதான்மா குனிஞ்சு பாக்கணும், நேரா இல்ல" என்றேன். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் குழாயின் பக்கத்தில்தான் இருக்கிறது. பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் ஒரு ஸ்பைடர்மேனும் இரண்டு சூனியக்காரிகளும் பொறுமையாக நின்றார்கள். "இவ்வளவு அழகா இருக்காரே" என்றார்.

எட்டரைக்கு மேல் சிறுவர்கள் குறைந்து, உயரமான பிள்ளைகள் வருவார்கள். பேய்க்கதை கேட்கும் வயது அவர்களுக்கு. வடகிழக்கில் பெர்சியஸ் கூட்டத்திலுள்ள அல்கோலைக் காட்டுங்கள். அரபியர் அதைப் பேயின் தலை என்றார்கள். கிரேக்கர் கதையில் அது மெடூசாவின் வெட்டுண்ட தலை. இரண்டு நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது மங்கி, சில மணி நேரத்தில் பழையபடி ஒளிரும். காரணம் சொன்னவர் ஜான் குட்ரிக், இங்கிலாந்தின் யார்க் நகரத்து இளைஞர். சிறுவயதிலேயே காது கேட்காமல் போனவர். 1782 நவம்பரில் தொடங்கி இரவுதோறும் வெறுங்கண்ணால் அல்கோலைக் கவனித்துக் குறித்துவைத்தார். இருண்ட துணை ஒன்று சுற்றிவந்து அதை மறைக்கலாம் என்று 1783இல் ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது வயது 18. அதற்காக காப்ளி பதக்கம் கிடைத்தது. 21 வயதில் இறந்துபோனார். அவர் சொன்னது சரி என்று நிறமாலை மூலம் உறுதியானது 1889இல். வேஷம் கட்டி நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அது கேள்விமேல் கேள்வி கேட்கும்.

அல்கோலுக்குக் கீழே, கிழக்கில் ஏறிவரும் சிறு கொத்து நம் கார்த்திகை. அதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம், பைனாகுலர் போதும். என்கே வால்மீன் விட்டுச்சென்ற தூசியிலிருந்து வரும் டாரிட் எரிமீன்களும் இந்த வாரங்களில்தான் விழும். எண்ணிக்கை குறைவு. ஆனால் வருவது மெதுவாக வரும், சில சமயம் நெருப்புப் பந்தாகவே வரும். 2015 ஹாலோவீன் அன்று சுமார் 600 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று 4,86,000 கிலோமீட்டர் தொலைவில் நம்மைத் தாண்டிப்போனது. அரெசிபோ ரேடார் எடுத்த படத்தில் அது மண்டையோடு போலவே இருந்தது. 2020இல் முழுநிலவும் இதே நாளில் வந்தது. இனி அது 2039இல்தான் வரும்.

போன ஹாலோவீனில் எலும்புக்கூடு வேடத்தில் வந்த பையன் ஒருவன் சாக்லேட் வாங்க மறந்துவிட்டு, ஒட்டுப்பலகைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இதை நாமே செய்ய முடியுமா அங்கிள்?" என்றான். கண்ணாடியையும் நாமே தேய்க்கலாம் என்றபோது அவன் நம்பவில்லை. அடுத்த வாரம் அவனுக்காகவே எழுதுகிறேன்: ஆறு அங்குலக் கண்ணாடியை வீட்டில் தேய்ப்பது எப்படி, எந்தப் பொடியில் தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்.

(தொடரும்)