ஹோம் தியேட்டருக்கு எந்த டிஸ்க் பிளேயர்? கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்

இலத்திரனியல் பொருட்கள் விற்கும் கடைகளில் இன்று அதிக இடத்தைப் பிடித்திருப்பவை பெரிய திரைத் தொலைக்காட்சிகளும் சவுண்ட் பார்களுமே. டிஸ்க் பிளேயர் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு விட்டது. ஆனாலும் அதைக் கேட்டு வரும் வாடிக்கையாளர் இன்னும் இருக்கிறார். அவருக்குப் பொருத்தமான பிளேயரைக் கொடுப்பது எப்படி என்பது, குறிப்பாக வன்னிப் பெருநிலப்பரப்பில் வியாபாரம் செய்பவர்களும் அங்கு பொருள் அனுப்பும் கொழும்பு மொத்த வியாபாரிகளும் அறிந்திருக்க வேண்டிய விடயமாகும்.

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயனை அண்டியுள்ள ஸ்கந்தபுரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1996 இல் கிளிநொச்சி நகரை இராணுவம் கைப்பற்றியபோது நகரத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்து சென்ற ஊர்களில் இதுவும் ஒன்று. அக்காலத்தில் வன்னிக்குத் தேசிய மின்வழங்கல் கிடையாது. படம் பார்ப்பதென்றால் ஜெனரேட்டர் வேண்டும். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் பொருட்கள் தாராளமாக வரத் தொடங்கின. மீண்டும் யுத்தம் மூண்டு, 2008 இன் பிற்பகுதியில் இப்பகுதி மக்கள் கையில் எடுத்ததுடன் வெளியேறினார்கள். வீடுகளும் அல்பங்களும் அழிந்தன. போர் முடிந்து திரும்பி வந்த பல குடும்பங்களுக்குப் பழைய முகங்களைக் காட்டுவதற்கு எஞ்சியிருப்பது வெளிநாட்டு உறவினரிடம் இருந்த திருமண, விசேட வீட்டு இறுவட்டுக்கள் மாத்திரமே.

ஆகவே அங்கு பிளேயர் வாங்க வருபவர் எல்லோரும் புதுப்படம் பார்க்க வருபவர்கள் அல்லர். புதுப்படத்துக்குக் கைத்தொலைபேசியும் இணையமும் போதும். கையிலிருக்கும் இறுவட்டு ஓட வேண்டும் என்பதே பலரது தேவை. இதைப் புரிந்துகொள்ளாமல், ‘இதுதான் ஆகப் புதிய மொடல்’ என்று விலை கூடியதைக் கட்டிக் கொடுத்தால் மறுவாரமே அது கடைக்குத் திரும்பி வரும்.

முதற் கேள்வி: கையில் என்ன இறுவட்டு?

வட்டமாகப் பளபளப்பதெல்லாம் ஒன்றல்ல. 1993 இல் வந்த வி.சி.டி.யின் படம் பி.ஏ.எல். முறையில் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. 1996 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி.யில் இது 720க்கு 576. 2006 இல் வந்த புளூ-ரேயில் 1920க்கு 1080. 2016 இல் வந்த 4 கே புளூ-ரேயில் 3840க்கு 2160. இவற்றை வாசிக்கும் லேசர் கதிரும் வேறுபடும். சி.டி., வி.சி.டி.க்கு 780 நனோமீற்றர், டி.வி.டி.க்கு 650, புளூ-ரேக்கு 405.

எனவே டி.வி.டி. பிளேயரில் புளூ-ரே ஓடாது. புளூ-ரே பிளேயரில் டி.வி.டி. ஓடும். ஆனால் புளூ-ரே பிளேயர்கள் எல்லாவற்றிலும் வி.சி.டி. ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. சில மொடல்களில் அந்த வசதி நீக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளரிடம் இருப்பது வி.சி.டி. என்றால், விலை கூடிய புளூ-ரேயை விட ஒரு சாதாரண டி.வி.டி. பிளேயரே அவருக்கு உதவக்கூடும்.

வீட்டு விசேடங்களின் இறுவட்டுக்கள் தொழிற்சாலையில் அச்சிடப்பட்டவை அல்ல, கணினியில் பதியப்பட்டவை. அவற்றில் தகவல் ஒரு சாயப் படையில் பதிந்திருக்கும். வெயிலும் வெக்கையும் ஈரப்பதனும் அதைக் காலப்போக்கில் கெடுக்கும். லேசர் வலுக்குன்றிய மலிவு பிளேயர்கள் இவற்றில்தான் முதலில் தடுமாறும். ஆகவே வாடிக்கையாளரைத் தன் சொந்த இறுவட்டைக் கொண்டுவரச் சொல்லி, கடையிலேயே போட்டுக் காட்டி விற்பதே சிறந்த வழியாகும்.

இரண்டாவது: இறுவட்டு எந்த நாட்டிலிருந்து வந்தது?

நமது நாட்டில் தொலைக்காட்சி முறை பி.ஏ.எல். இங்கிலாந்து, ஜேர்மனி, நோர்வே, சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலும் அதுவே வழக்கம். கனடாவில் என்.டி.எஸ்.சி. டொரன்டோவில் எடுத்த திருமண வீடியோ கறுப்பு வெள்ளையாகவோ உருளும் படமாகவோ தெரிந்தால், பழுது இறுவட்டில் இல்லாதிருக்கலாம். பிளேயரின் அமைப்புப் பகுதிக்குச் சென்று தொலைக்காட்சி முறையை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு முறைகளையும் ஏற்கும் பிளேயரே நம்மவர்களுக்கு உகந்தது.

அடுத்தது பிராந்திய இலக்கம். கடையில் விற்கும் படங்களின் டி.வி.டி.யில் கனடாவுக்கு 1, மேற்கு ஐரோப்பாவுக்கு 2, தெற்காசியாவுக்கு 5 என இலக்கம் இருக்கும். புளூ-ரேயில் இவை முறையே ஏ, பி, சி என எழுத்துக்களாக இருக்கும். இலக்கம் பொருந்தாவிட்டால் படம் ஓடாது. வீடுகளில் பதிந்த இறுவட்டுக்களில் இந்தப் பூட்டு பொதுவாக இருப்பதில்லை. 4 கே புளூ-ரேயிலும் பிராந்திய இலக்கம் கிடையாது.

மூன்றாவது: பிளேயர் எந்த மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது?

வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வரும்போது பிளேயரையும் சேர்த்துக் கொண்டுவருவது வழக்கம். பாவித்த ஜப்பான் பொருட்களும் சந்தையில் உண்டு. நமது மின்சாரம் 230 வோல்ட். கனடாவில் 120, ஜப்பானில் 100. பிளேயரின் பின்புறத்தில் ‘100–240’ என்று அச்சிடப்பட்டிருந்தால் பயமில்லை. 120 அல்லது 100 மட்டும் இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகிய கணமே எரிந்துவிடும். பின்புறத்தை வாசித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் அதற்கான பாதுகாப்புக் கருவியையும் சேர்த்து விற்கலாம். பிளேயரின் ஆயுளும் கூடும், கடைக்கும் ஒரு வியாபாரம்.

நான்காவது: வீட்டில் என்ன அம்ப், என்ன தொலைக்காட்சி?

ஹோம் தியேட்டர் என்றாலே ஆறு ஸ்பீக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு ஊஃபரும் சேர்ந்தது 5.1. ஆனால் வி.சி.டி.யில் பதியப்பட்டிருப்பது இரண்டு வழி ஒலி மட்டுமே. அதிலிருந்து ஆறு ஸ்பீக்கரிலும் வரும் சத்தம் அம்ப் தானாகப் பிரித்துக் கொடுப்பது. டி.வி.டி.யில்தான் டொல்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஆகிய 5.1 ஒலிகள் வரும். புளூ-ரேயில் டொல்பி ட்ரூஎச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. போன்ற உயர்தர ஒலிகளும் உண்டு.

இந்த ஒலியை எந்தக் கம்பி சுமக்கும் என்பதே முக்கியம். ஒப்டிகல் கம்பி டொல்பி டிஜிட்டலையும் டி.டி.எஸ்.ஸையும் சுமக்கும், புளூ-ரேயின் உயர்தர ஒலிகளைச் சுமக்காது. அவற்றுக்கு எச்.டி.எம்.ஐ. வேண்டும். வாடிக்கையாளரின் அம்பில் ஒப்டிகலும் இல்லை, எச்.டி.எம்.ஐ.யும் இல்லை, ஆறு சிறு துளைகள் மட்டுமே இருந்தால், பின்புறம் அதே ஆறு துளைகளைக் கொண்ட பிளேயரையே தேட வேண்டும். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் இருப்பதில்லை. பழைய பிளேயரை அதில் பொருத்த ஒரு மாற்றுக் கருவி தேவைப்படும்.

‘ஐந்து ஸ்பீக்கர் பூட்டினேன், இரண்டில்தான் சத்தம் வருகிறது’ என்ற முறைப்பாடு அடிக்கடி வருவதுண்டு. ஒப்டிகல் கம்பியில் இணைத்திருந்தால், பிளேயரின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்றிருப்பதை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றிப் பாருங்கள். பல வேளைகளில் இதுவே மருந்து.

பிளேயரும் அம்பும் ஒரே பெட்டியில் வரும் செட்கள் மலிவானவை. ஆனால் டிஸ்க் வாசிக்கும் பகுதி பழுதானால் முழுப்பெட்டியையும் பட்டறைக்குத் தூக்க வேண்டியிருக்கும். பழுது பார்க்க கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டிய வாடிக்கையாளருக்குத் தனிப் பிளேயரும் தனி அம்பும் என்பதே நீண்டகாலத்தில் இலாபம்.

வியாபாரி எவ்வளவு கையிருப்பு வைக்கலாம்?

இங்குதான் அவதானம் தேவை. ஒப்போ கம்பனி 2018 இல் பிளேயர் தயாரிப்பதை நிறுத்தியது. அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே பிளேயர்கள் வராது என்று சாம்சங் 2019 இல் அறிவித்தது. 2024 இல் எல்.ஜி.யும் விலகியது. பதிவு செய்யும் வெற்று புளூ-ரே இறுவட்டுக்களின் உற்பத்தியை சொனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. ஆகவே, ‘மொத்தமாக எடுத்தால் விலை குறைவு’ என்ற பேச்சில் மயங்கி முதலை முடக்க வேண்டாம். டி.வி.டி. பிளேயர் சிலவும் புளூ-ரே ஒன்றிரண்டும் போதும். 4 கே பிளேயரை முற்பணம் பெற்று வரவழைத்துக் கொடுப்பதே நல்லது.

மறுபுறம், பொருள் அரிதாகும்போது அதைப் பழுது பார்க்கும் கைக்கு மதிப்பு கூடும். லேசர் ஹெட், ரிமோட், கம்பிகள், மாற்றுக் கருவிகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்கும் சிறு கடைக்கு ஆள் வரும். அதைவிடப் பயனுள்ள தொழில் ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் சொந்தக் குடும்ப இறுவட்டை பென் டிரைவுக்கு அல்லது ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி செய்து கொடுப்பதே அது. வேண்டியது ஒரு கணினியும் நல்ல டி.வி.டி. டிரைவும் பொறுமையும் மட்டுமே. இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கும்படி சொல்லுங்கள். பழைய டி.வி.டி. பிளேயர்களின் யூ.எஸ்.பி. துளை இப்போதைய எம்.பி.4 கோப்புகளை வாசிக்காமல் விடலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்து விடுங்கள். வியாபாரப் படங்களைப் பிரதி செய்து விற்பது வேறு விடயம், அது சட்டவிரோதம்.

வாங்குபவருக்குத் தெரியாததை விற்பவர் மறைப்பது வியாபாரமாகாது. பொருளின் தன்மை பற்றிப் பிழையான விளக்கம் கொடுத்து விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படியும் குற்றமாகும். பாவித்த பிளேயரை பாவித்தது என்றும், வி.சி.டி. ஓடாததை ஓடாது என்றும் சொல்லி, அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

ஒரு பிளேயரில் கிடைக்கும் இலாபம் சொற்பம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஓடப்போவது, இனி ஒருபோதும் எடுக்க முடியாத ஒரு படமாக இருக்கலாம். அதை ஒழுங்காக ஓட வைத்துக் கொடுக்கும் கடைக்காரரை அந்தக் குடும்பம் மறக்காது. அடுத்த தொலைக்காட்சியும் குளிரூட்டியும் அவரிடமே வாங்கப்படும்.