நெஞ்சிலே தங்கும் தூசு

கொலன்னாவையின் எண்ணெய்க் குதங்களையும் தொழிற் பட்டறைகளையும் சூழ்ந்து, சாம்பல் நிறக் கூரைகள் வரிசை வரிசையாய்க் காணப்படுகின்றன. “இளமையிலே எத்தனையோ சீற்றுகளை வாளால் அறுத்தேனே, அத் தூசு என் நெஞ்சில் இன்னும் இருக்குமோ?” என ஏங்கும் தொழிலாள அன்பர் பலர். இவ்வேக்கத்தை நகைத்துத் தள்ளுதலும் தவறு. ஊதிப் பெருக்குதலும் தவறு.

அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார், நார் நாராய்ப் பிரியும் கனிப்பொருள். தீயில் வேகாது, விலையும் மலிவு. ஆதலின் கூரைத் தகட்டிலும், கொதிநீராவிக் குழாய்களின் போர்வையிலும், வாகனங்களின் பிறேக்கிலும் அது இடம்பெற்றது. சீமெந்தோடு இறுகிய தகடு சிதையாதிருக்கும் வரை அதனால் வரும் அபாயம் சிறிதே. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய நார்களே நுரையீரலிற் புகுந்து தங்கிவிடுகின்றன.

காலந் தாழ்த்தும் பகை

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் ஆலையிற் பணிபுரிந்த நெல்லி கேர்ஷோ என்னும் மாது 1924இல் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் என்னும் மருத்துவர், தூசினால் விளைந்த கேட்டை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். நுரையீரலைப் போர்த்திருக்கும் மென்சவ்விலே தோன்றும் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பு 1960இல் தென்னாபிரிக்காவில் வெளிப்பட்டது. 1965இல் லண்டனில் வெளியான ஆய்வோ, ஆலைக்குள் அடிவைத்தறியாத பெண்களும் இந்நோய்க்கு ஆளாகியதைக் காட்டியது. வீட்டாரின் வேலையுடுப்பைத் துவைத்ததே அவர்கள் செய்த வேலை!

இந்நோய்கள் இருபது, முப்பது, சிலவேளை நாற்பது ஆண்டுகள் கழிந்தே தலைகாட்டும். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், பட்டறையும் கைமாறியிருக்கும். அவர் எத்தூசிலே எத்தனை ஆண்டு நின்றார் என்பதற்குச் சாட்சி யார்? இதனை உணர்ந்தே இந்திய உயர் நீதிமன்றம் 1995இல் ஒரு தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவை, வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை நிறுவனங்கள் பேணவேண்டும் என்பது அதன் கட்டளை.

நம் நாட்டிலே நீலக் கல்நார் 1987இல் தடைசெய்யப்பட்டது. ஏனையவற்றின் இறக்குமதியும் 2018 முதல் நிறுத்தப்படும் என அரசு அறிவித்திருந்தது. ஆனால் 2017 டிசெம்பரில், பொதியில் வண்டொன்று காணப்பட்டதென்று கூறி, நமக்குக் கல்நார் விற்கும் ருஷ்யா நமது தேயிலையைத் தடுத்தது. கல்நார்த் தடை கைவிடப்பட்டது. தேயிலையும் மீண்டும் கப்பலேறியது. சட்டத்தின் வருகைக்காகக் குடும்பங்கள் காத்திருத்தல் இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வீட்டிலே ஓர் ஏடு

என்றோ ஒருநாள் ஒரு தகட்டைத் துளைத்தவர் நடுங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் தூசிலே நின்றவரோ, மூச்சுத் திணறலும் விடாத இருமலும் வருமுன்பே மருத்துவரிடம் தம் தொழிலைச் சொல்லிவைத்தல் வேண்டும். சொல்லாவிடில் அவர் அறியமாட்டார். வெலிசறையில் சுவாச நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை உண்டு. இன்றைய எக்ஸ்-றே படம் தெளிவாயிருப்பது நாளைக்கு உத்தரவாதமன்று. புகைப்பவர் அதனை இன்றே கைவிடுக. கல்நாரும் புகையும் கூடினால் நுரையீரற் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகும். பழைய கூரையைத் தொட நேர்ந்தால் நீர் தெளித்து நனைத்தபின் தொடுக. தூசைக் கூட்டாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க. வேலையுடுப்பை வீட்டு உடுப்போடு கலவாதிருக்க.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு பணி உண்டு. ஒரு கொப்பியை எடுத்துத் தந்தையாரின் அருகில் அமருங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், என்ன வேலை, எத்தகைய தூசு, உடன் நின்றவர் யாவர் என அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நியமனக் கடிதத்தையும் ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்களையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். நோய் வாராதிருப்பின் மகிழ்ச்சியே. வரின், மருத்துவருக்கு வழிகாட்டவும் நட்டஈடு கோரவும் அக்கொப்பியே முதற் சாட்சியாய் நிற்கும்.