மலையிறங்கிய மாதர்

ஐந்தருவியில் நீராடிக் களைப்பாற ஒரு கோப்பைத் தேநீர் அருந்துகிறோம். அத் தேயிலையைக் கிள்ளிய கை யாருடையதென்று எண்ணுகிறோமா? இதே மலைத் தொடரில், தெற்கே உள்ளது மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டை ஒரு பம்பாய்க் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் ஸ்திரீகளுடையதாயிற்று.

1999 ஜூலை 23இல், சிறைப்பட்ட தொழிலாளரை விடுவிக்கக் கோரித் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றோர் மீது போலீஸ் தடியடி நடந்தது. தாமிரவருணியில் 17 பேர் மாண்டனர். பெண்களும் ஒரு குழந்தையும் அவர்களில் அடக்கம். குத்தகை முடியுமுன்பே, 2024இல், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திற்று.

தோட்டத்தில் வீடு என்பது வேலையின் நிழல். 1951ஆம் வருஷத்துச் சட்டம் வீடளிப்பதை முதலாளியின் பொறுப்பாக்கியது. ஆகவே வேலை போனால் வீடும் போகிறது. ஓய்வுத் தொகை செலவாகிவிடும். தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளிய விரல்களுக்குச் சமவெளியில் என்ன தொழில்?

காட்டைக் காப்பது அவசியமே. ஆனால் அக்காட்டில் உழைத்தவளைக் கைவிடுவது தர்மமாகாது. மனைப் பட்டா அவள் பெயரிலேயே இருக்கட்டும். அவள் கைக்கேற்ற தொழிலும் கிட்டட்டும். இது தானமன்று, பழங்கடன் என்போம்.