ஒரே நோயாளி, மூன்று பெயர்கள்

பசறை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வருபவர் விடுதியில் அனுமதிக்கப்பட்டதும் அவருக்கெனக் கட்டில் சீட்டு எழுதப்படுகின்றது. அவர் வீடு திரும்பியபின் அச்சீட்டு மருத்துவப் பதிவேட்டுப் பிரிவைச் சென்றடைகின்றது. அங்கு நோய்க்குச் சர்வதேசக் குறியீடு இடப்பட்டு, காலாண்டு அறிக்கை சுகாதார அமைச்சுக்கு அனுப்பப்படுகின்றது.

இப்பணி கணினிமயமாவது வரவேற்கத்தக்கதே. ஆனால் கணினி எழுத்தை மட்டுமே அறியும். தமிழில் சொன்ன பெயர் சிங்களத்தில் கேட்கப்பட்டு ஆங்கிலத்தில் பதியப்படுகையில், லெட்சுமி ஒருமுறை லக்ஷ்மியாகவும் மறுமுறை லச்சிமியாகவும் மாறுகின்றார். முகவரியோ பெரும்பாலும் தோட்டத்தின் பெயர்தான். ஒரே லயத்தில் இரு லெட்சுமிகள் இருப்பதும் புதுமையன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒரு பகுதியினர் நாடற்றோராயிருந்த சமூகம் இது. பிறப்புப் பத்திரத்திலேயே பெயர் பிழைத்தவர்கள் பலர். விளைவு, பெனிசிலின் ஒவ்வாது எனக் குறிக்கப்பட்ட பழைய சீட்டு, அவசர வேளையில் வைத்தியரின் கண்ணில் படாமற் போகலாம்.

அடையாள அட்டை இலக்கம் பிள்ளைகளுக்கு உதவாது. அரசாங்க வைத்தியசாலைகளின் கணினித் திட்டத்திலுள்ள தனிநபர் சுகாதார இலக்கமே இதற்குப் பொருத்தமானது. அதனைக் கிளினிக் கொப்பியின் முகப்பில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். பதிவு மேசையில் தமிழறிந்த எழுதுவினைஞர் ஒருவரையேனும் அமர்த்துமாறும் நாம் வேண்டுகின்றோம்.