மணமேடைப் பூக்களுக்கு இன்னும் ஒரு கடமை

திருமணப் பந்தியில் சோறு மிஞ்சிவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்படுவோர் நம்மிடையே உண்டு. அருகிலுள்ள இல்லங்களுக்கு ஆளனுப்பி, கெடுமுன் கொண்டு சேர்க்கின்றனர். ஆனால் மணமேடையை அழகு செய்த பூக்களைப் பற்றிக் கேட்பார் யார்? ஓசூர்ப் பகுதியின் பசுமைக் குடில்களில் வளர்ந்த ரோஜாவும் ஜெர்பெராவும், நீலகிரியின் கார்னேஷனும், நிலக்கோட்டைச் சந்தையின் சம்பங்கியும் சாமந்தியும் இரவெல்லாம் பயணம் செய்து வந்து, ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் பொலிவு தந்து, மறுநாள் விடியுமுன் மண்டபத்தின் பின்புறத்தில் குப்பையாகின்றன.

நம் கோவில்களிலும் நிலை வேறன்று. பீடத்தை அலங்கரிப்பதில் எப்போதும் அளவு வேண்டும் என்பது திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கு. அளவு மீறாதிருப்பது முதற் கடமை. அதன் பின்னும் எஞ்சுவதை வீணாக்காதிருப்பது இரண்டாம் கடமை. ஐயாயிரம் பேரை உண்பித்த நம் ஆண்டவர், எஞ்சிய அப்பத் துண்டுகளையும் சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. மிஞ்சியதிலும் மதிப்புண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யார் உணர்த்த முடியும்?

எஞ்சிய இப்பூக்களை எங்கே கொண்டு சேர்ப்பது? முதியோரிடம் என்பது நம் விடை. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வயதினர். பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத் தர 2007-இல் சட்டமும் பிறந்தது. சட்டம் பணத்தை வாங்கித் தரும். ஒரு மாலை நேரம் அருகில் வந்து அமர்ந்து பேசும் பிள்ளையை வாங்கித் தருமா? முதியோர் இல்லங்களுக்கு நாம் அரிசியும் போர்வையும் மாத்திரையும் அனுப்புகிறோம். அவை தேவையானவையே. ஆனால் உயிர் வாழத் தேவையானதை மட்டுமே பெறுகின்றவர், தாம் ஒரு சுமை என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். பூவோ தேவைக்காகத் தரப்படுவதன்று, அன்புக்காகத் தரப்படுவது. அதனாலேயே அது மனத்தைத் தொடுகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் லார்சன் ஜே என்பவர் 2007-இல் உயரத்திலிருந்து விழுந்து படுகாயமுற்று மருத்துவமனையில் கிடந்தார். அவரது அறை நண்பர்கள் அனுப்பிய மலர்க்கொத்துகளால் நிறைந்தது. சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோது, பூவோ பார்க்க வருவோரோ இல்லாத அறைகள் பல இருப்பதைக் கண்டார். தம் கொத்துகளிலிருந்த வாழ்த்து அட்டைகளை நீக்கிவிட்டு, அவற்றை அந்த அறைகளுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே, நிகழ்ச்சிகளிலும் கடைகளிலும் எஞ்சும் பூக்களைத் திரட்டிப் புதுக் கொத்துகளாக்கி நோயாளிகளுக்கும் முதியோருக்கும் வழங்கும் ஓர் அமைப்பு அவரால் தோன்றியது.

பூவால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஆராய்ச்சியாளரும் விடை கூறியுள்ளனர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியை ஜெனட் ஹேவிலண்ட் ஜோன்ஸும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பூக்களைப் பெற்ற முதியோரின் மனநிலை உயர்ந்ததோடு, நிகழ்ச்சிகளை நினைவுகூரும் ஆற்றலும் மேம்பட்டது தெரியவந்தது. பூ வணிகர் சங்கத்தின் ஆதரவு அவ்வாய்வுக்கு இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் முதியோர் இல்லத்தில் ஒரு முறை பூவுடன் நுழைந்து பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவைப்படாது.

“மிஞ்சியதையா பெரியவர்களுக்குக் கொடுப்பது?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1839-இல் பிரான்சு நாட்டில், பார்வையற்ற ஒரு மூதாட்டிக்குத் தம் படுக்கையையே கொடுத்துத் தொண்டைத் தொடங்கியவர் ஜான் ஜூகன் அம்மையார். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையின் தாயாகிய அவர், 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கூடையேந்தி வீடு வீடாகச் சென்று, பிறர் தந்ததைக் கொண்டே முதியோரைப் பேணினார். கொடுப்பது எஞ்சியதா, புதியதா என்பதைவிட, அது எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். கசங்கிய பூக்களைச் சாக்கில் கட்டி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினால் அது அவமதிப்பு. வாடியதை நீக்கி, நல்லதைத் தெரிந்து, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கையில் கொடுத்தால் அது மரியாதை.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு வேதனையும் உண்டு. முதியோர் இல்லங்களில் கைம்பெண்கள் பலர். கணவன் இறந்தபின் பெண் பூச்சூடலாகாது என்ற வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேதம் அதை விதிக்கவில்லை, ஊர் விதித்தது. நாம் சென்றிருந்த ஓர் இல்லத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு தாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “எனக்கெதுக்கு சாமி பூ? அவர் போன அன்னைக்கே அதெல்லாம் போச்சே” என்றார். உடன் வந்த மரியாயின் சேனைச் சகோதரி ஒருவர் வாதாடவில்லை. “சூடிக்க வேண்டாம்மா. இந்தச் சாமந்தியை மாதாவுக்குக் கட்டித் தாங்க, எனக்குக் கட்ட வராது” என்றார். நாரை நனைத்துக் கேட்டு வாங்கினார் அந்தத் தாய். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மாலை முடிந்ததும், ஒரு பூவை மட்டும் எடுத்துத் தம் தலையணையருகில் வைத்துக்கொண்டார். பெறுவதைவிடச் செய்து கொடுப்பதில் முதியோருக்கு மகிழ்ச்சி அதிகம் என்பதை அன்று கண்டோம்.

இப்பணியைத் தொடங்க விரும்பும் பங்குகளுக்குச் சில குறிப்புகள் கூறுவோம். முதலில் மணவீட்டாரிடமும் அலங்காரம் செய்தவரிடமும் அனுமதி பெறுக. விழா முடிந்த இரவே பூக்களை எடுத்து வாளித் தண்ணீரில் நிறுத்துக. காம்பைச் சாய்வாக நறுக்கி, நீரில் மூழ்கும் இலைகளை நீக்குக. கம்பிகளையும், பூக்களைக் குத்தி வைக்கும் பச்சை நிறக் கட்டியையும் அகற்றுக. நாள்தோறும் தண்ணீர் மாற்றினால் கார்னேஷனும் சாமந்தியும் பல நாள் நிற்கும். மல்லிகையோ மறுநாளே வாடிவிடும். அதை எதிர்பார்க்க வேண்டாம். பழுத்த பழங்களின் அருகில் பூக்களை வைத்தால் விரைவில் வாடும். அரளி நச்சுத்தன்மை உடையது. நினைவு தடுமாறும் முதியோர் வாயிலிட நேரலாம் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். துக்க வீட்டு மலர்வளையங்களையும் தொடவேண்டாம். கண்ணாடிக் குவளைக்குப் பதில் கனமான எவர்சில்வர் டம்ளர் நலம். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு மணம் மிகுந்த பூக்கள் ஆகா. செல்லும் நேரத்தை இல்லத்துக் கன்னியரிடம் முன்கூட்டியே கேட்டறிக.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. நான்கைந்து நாளில் இப்பூக்களும் வாடும். வாடியதை அகற்றும் வேலையைக் கன்னியர் தலையில் சுமத்தாமல், கொடுத்தவர்களே மீண்டும் செல்ல வேண்டும். போர்வை கொடுத்தவர் அடுத்த ஆண்டு வரை அந்தப் பக்கம் போகாதிருக்கலாம். பூ கொடுத்தவர் அந்த வாரமே போயாக வேண்டும். வாடுவது பூவின் குறையென்று எண்ணுகிறோம். முதியோர் இல்லத்தைப் பொறுத்தவரை அதுவே அதன் நிறை. மறுபடியும் வரச் சொல்லி அது நம்மை அழைக்கிறது.

தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அதற்குரியது. தொடங்க அந்நாள் பொருத்தமானது. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. திருமண ஓலை எழுத வரும் குடும்பத்தாரிடம், “மேடைப் பூக்களை மறுநாள் முதியோருக்குத் தரச் சம்மதமா?” என்று பங்கு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். மணமக்களே நேரில் வந்து கொடுத்தால் இன்னும் சிறப்பு. இறந்தபின் பெட்டியின்மேல் வைக்கும் மலர்வளையத்தைப் பெற்றோர் காண்பதில்லை. காணும் கண்கள் திறந்திருக்கும்போதே ஒரு பூவை நீட்டுவோம்.